தாய் கொழும்பில், மகன் டொரொண்டோவில்: நாடு முதுமையடையும் கணக்கு

வெள்ளவத்தை மாடிக்குடியிருப்புகளில் பகல் வேளையில் லிப்டில் ஏறினால், கூட வருபவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் லண்டனில், டொரொண்டோவில், மெல்பேர்னில். இதை நாம் கொழும்புத் தமிழரின் தனிக் கதையாக நினைத்துப் பழகிவிட்டோம். குடிசன மதிப்பைப் பார்த்தால், முழு இலங்கையும் இதே திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

2012 குடிசன மதிப்பில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மக்களில் 7.9 வீதம். 2024இல் 12.6 வீதம். இந்தப் பங்கு 7 வீதத்திலிருந்து 14 வீதமாக உயர பிரான்சில் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜப்பானில் 24 ஆண்டுகள். நாம் ஜப்பானின் வேகத்துக்குக் குறையாமல் போகிறோம், அவர்களிடம் அன்று இருந்த செல்வம் இல்லாமல்.

இந்த மாற்றத்தை அளக்க முதியோர் தங்கிவாழ்வோர் விகிதம் என்ற ஓர் அளவு உண்டு. 15 முதல் 64 வயது வரையானவர்கள் நூறு பேருக்கு, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அது. 2024இல் உழைக்கும் வயதினர் 66.7 வீதம். 12.6ஐ 66.7ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 19 வரும். 2012இல் அது 12க்குச் சற்றுக் குறைவு. அன்று ஒரு முதியவருக்கு உழைக்கும் வயதினர் எட்டுப் பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று ஐந்து பேர்தான்.

சிறுவர்களையும் சேர்த்தால் கணக்கு வேறு முகம் காட்டுகிறது. 15 வயதுக்குட்பட்டோர் இதே காலத்தில் 25.2 வீதத்திலிருந்து 20.7 வீதமாகக் குறைந்தார்கள். அதனால் உழைக்கும் வயதினர் நூறு பேர்மீது தங்கியிருக்கும் சிறுவரும் முதியவரும் சேர்ந்து அன்றும் ஏறத்தாழ 50, இன்றும் ஏறத்தாழ 50. மொத்தம் அசையாததால் எதுவும் மாறவில்லை என்று தோன்றலாம். ஆனால் பிள்ளைக்குச் செய்யும் செலவு ஒருநாள் முடியும். அந்தப் பிள்ளையே உழைக்கத் தொடங்கும். நீரிழிவு, மூட்டுவலி, மறதி நோய் என்று தொடரும் பராமரிப்போ வருடத்துக்கு வருடம் கூடுகிறது.

முதியோர் பெருகுவதற்கு நீண்ட ஆயுள்தான் காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் பிறப்புகளில் இருக்கிறது. 2012இல் 65ஐத் தொட்டவர்கள் 1947இல் பிறந்தவர்கள். 2024இல் தொட்டவர்கள் 1959இல் பிறந்தவர்கள். இந்த இடைவெளியில் பிறந்தவர்கள் யார் தெரியுமா? 1946க்குப் பின் டிடிரி (DDT) பூச்சிகொல்லி தெளித்து மலேரியாவை அடக்கி, தாய் சேய் நலச் சேவைகள் பரவிய காலத்துப் பிள்ளைகள். முந்திய தலைமுறைகளில் பிறந்த பல குழந்தைகள் தவறிப்போயின, இவர்கள் பிழைத்தார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்துக்கு மேல் பிள்ளைகள் பிறந்த காலமும் அதுவே. அந்தப் பெருந்திரள்தான் இப்போது ஓய்வு வயதைக் கடந்துகொண்டிருக்கிறது. பின்னால் வருகிறவர்கள் குறைவு. 2019இல் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகள் பதிவாயின. 2023இல் இரண்டரை இலட்சம்கூட இல்லை.

உழைக்கும் வயதினரின் தொகை கட்டுநாயக்க விமான நிலையம் வழியாகவும் கரைகிறது. பொருளாதாரம் சரிந்த 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு சென்றதாகப் பதிவானது. அங்கேயே குடியேறிவிடும் மகன் கனடாவின் உழைக்கும் வயதுக் கணக்கில் சேர்கிறான். தாய் வெள்ளவத்தையில் நமது முதியோர் கணக்கில் நிற்கிறார். அவன் மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கு இந்த விகிதத்தில் இடமே இல்லை.

இது வயதை மட்டும் எண்ணும் அளவு. யார் உழைக்கிறார்கள், யார் தங்கியிருக்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. கொட்டாஞ்சேனையில் எழுபது வயதிலும் கடை திறப்பவர் தங்கிவாழ்பவராகிறார். மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட நாற்பது வயது மருமகள் உழைக்கும் வயதினராகிறாள். இலங்கையில் ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் தொழிற்படையில் இருக்க, பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே இருக்கிறார். என் பார்வையில் இந்த நாட்டின் மிகப்பெரிய கையிருப்பு வேலைக்கு வெளியே நிற்கும் அந்தப் பெண்களிடம்தான் கிடக்கிறது.

பெண்கள் பிள்ளை பெறுவதில்லை என்று குறைசொல்வதை நான் ஏற்கவில்லை. இன்று பிறக்கும் குழந்தை 15 வயதை எட்ட 15 ஆண்டுகள் வேண்டும். அதுவரை அதுவும் தங்கிவாழும் பக்கத்தில்தான் எண்ணப்படும். வேலைத்தலத்துக்கு அருகே நம்பகமான பிள்ளைப் பராமரிப்பு நிலையமும், பகலில் முதியவரை விட்டுச்செல்ல ஓர் இடமும் இருந்தால் பெண்கள் வேலைக்குத் திரும்பலாம், பலன் அடுத்த மாதமே தெரியும்.

ஓய்வு வயதை உயர்த்துவது இன்னொரு வழி. அரச ஊழியருக்கு அது 2022 தொடக்கத்தில் 65 ஆகி, ஒரே ஆண்டில் மறுபடி 60க்கு இறங்கியது. தனியார் துறை ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மொத்தமாக எடுக்கலாம். 1958இல் சட்டம் இயற்றப்பட்டபோது அந்த வயதுகள் பொருந்தியிருக்கலாம். இன்று 50 வயதில் காசை எடுக்கும் பெண்ணுக்கு முன்னால் இன்னும் முப்பது ஆண்டுகள் இருக்கக்கூடும். மொத்தத் தொகையோடு மாதாந்த ஓய்வூதியமாகவும் பெறும் தெரிவை நிதி தரவேண்டும். உழைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இருக்கும் முறைசாராத் துறையில், முச்சக்கர வண்டி ஓட்டுநருக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் பெரும்பாலும் அந்த நிதிகூட இல்லை. ஓய்வூதியச் சீர்திருத்தத்தை அவர்களிடமிருந்துதான் தொடங்கவேண்டும்.