ஈர மண்ணில் செடி ஏன் வாடுகிறது?

ஐப்பசி அடைமழை ஓய்ந்த காலையில் காவிரிப் படுகையின் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு: தொட்டி மண் சொதசொதவென்று இருக்க, அதில் நிற்கும் துளசியோ ரோஜாவோ கோடையில் காய்ந்ததைப் போல இலை தொங்கி நிற்கும். வாடிய இலையைக் கண்டதும் பழகிய கை சொம்பை எடுக்கிறது. பிழைத்திருக்கக்கூடிய செடியையும் அந்தச் சொம்புத் தண்ணீர் கொன்றுவிடுகிறது.

வேரும் மூச்சுவிடுகிறது. மண்துகள்களின் இடைவெளியில் உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனைப் பெறுகிறது. அவ்விடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே ஆக்சிஜன் நீரில் பரவுவதால், வேருக்கு மூச்சு முட்டுகிறது. வேர்ச் செல்களின் சவ்வில் நீரை உள்ளே விடும் நுண்புழைகள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் இலைக்கு அது ஏறுவதில்லை. வலுவிழந்த வேரைப் பித்தியம் போன்ற நீர்ப்பூஞ்சைகள் பற்றிக்கொள்ள, அழுகல் தொடங்குகிறது.

அப்படியானால் தேங்கிய நீரில் நிற்கும் நெல் ஏன் அழுகுவதில்லை? நெல்லின் இலையிலிருந்து வேர் வரை காற்று இறங்கிச் செல்லும் அறைகள் கொண்ட திசு இருக்கிறது. துளசிக்கு அந்த அமைப்பு இல்லை. ஆகவே வயலின் வண்டல் களிமண்ணை அப்படியே அள்ளிவந்து தொட்டியில் நிரப்புவது தவறு. களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. அத்துகள்களின் நுண்ணிய இடைவெளிகள் நீரை எளிதில் விடுவதில்லை.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற பரவலான நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. நுண்ணிய மண், தான் முழுதும் ஊறித் ததும்பும் வரை, கீழேயுள்ள பெரிய இடைவெளிகளுக்கு நீரை விடாது. அதனால் ஈரம் தேங்கும் மட்டம் ஜல்லியின் உயரத்துக்கு ஏறி, வேரை இன்னும் நெருங்குகிறது. துளையின் மேல் ஓர் ஓட்டுத்துண்டு போதும். மாற்ற வேண்டியது மண்ணைத்தான்: தோட்டமண், பருமணல், மக்கிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலக்கலாம்.

ஐயம் எழுந்தால் செடியை மண்கட்டியோடு கவிழ்த்து எடுத்து வேரைப் பார்ப்பதே உறுதியான வழி. உறுதியாகவும் வெளிர்நிறமாகவும் இருந்தால் அது நலமான வேர். கறுத்து, நாற்றமடித்து, இழுத்தால் மேலுறை உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். அழுகியதைச் சுத்தமான கத்தரியால் நறுக்கி, குறைந்த வேரால் தாங்க முடியாத அளவுக்குள்ள தழையையும் கழித்து, புதுக் கலவையில் நட்டு நிழலில் வைக்க வேண்டும். துளிர் விடும் வரை உரம் கூடாது. இரண்டு விரற்கணு ஆழத்தில் மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

இலை மஞ்சளானால், எந்த இலை என்று முதலில் பார்க்க வேண்டும். செடி தழைச்சத்தை (நைட்ரஜனை) பழைய இலையிலிருந்து துளிருக்கு அனுப்பிக்கொள்ளும் என்பதால், அந்தச் சத்து குறைந்தால் அடியிலைகள் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்தை அப்படி நகர்த்த முடியாது. எனவே நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் துளிரிலேயே குறை தெரியும். உப்பும் காரத்தன்மையும் மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றும் செம்பருத்தியில் இது வரக்கூடும், ஏனெனில் கார மண்ணில் இரும்பு கரையாமல் தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்டை) கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். அதன் பலனை இனி விடும் துளிரின் நிறத்தில் பார்க்கலாம்.