“ஓம் ரீச்சர்” போதாது: இணையவழி வகுப்பில் பாடம் மனதில் பதிவது எப்படி?

சூம் வகுப்பு முடியும் நேரம் ஆசிரியர் கேட்பார்: “எல்லாருக்கும் விளங்கினதா பிள்ளையள்?” நாலைந்து குரல்கள் வரும்: “ஓம் ரீச்சர்.” பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்கு உண்மையாகவே விளங்கித்தான் இருக்கிறது. ஒரு கிழமை கழித்து அதே விடயத்தை வினாத்தாளில் கேட்டால் பேனை நகராது.

தெளிவாகச் சொல்பவரைக் கேட்கும்போது மூளைக்குச் சிரமம் இல்லை. சிரமம் இல்லாததையே ‘எனக்குத் தெரியும்’ என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. பரீட்சை கேட்பதோ வேறு வேலை: எதையும் பாராமல் உள்ளிருந்து எடுத்துத் தருவது. 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் இதை அளந்து பார்த்தார்கள். ஒரு சிறு உரைப்பகுதியைச் சிலர் இரண்டு தரம் வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு தரம் வாசித்துவிட்டு, நினைவில் நின்றதைப் பாராமல் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருதரம் வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள்: 81 வீதம், மற்றவர்கள் 75. ஒரு கிழமையின் பின் நிலை தலைகீழ்: வாசித்தவர்களிடம் மிஞ்சியது 42 வீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 56. வகுப்பு முடிந்த கையோடு கேட்கும் “விளங்கினதா?” நம்மை ஏமாற்றுவதற்குக் காரணம் இதுதான்.

வகுப்பறையில் இந்த ஏமாற்றத்தை ஆசிரியரின் கண் ஓரளவு பிடித்துவிடும். மேசைகளுக்கு இடையில் நடந்தபடியே யாருடைய கொப்பி வெறுமையாகக் கிடக்கிறது என்று பார்ப்பார். திரையில் அந்தக் கண் இல்லை. அதனால் எழுதிப் பார்க்கும் வேலையைப் பாடத்துக்குள்ளேயே கட்டிவைக்க வேண்டும்.

இலை ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் ஒளித்தொகுப்பையே எடுப்போம். காபனீரொட்சைட்டு, நீர், சூரிய ஒளி, பச்சையம், குளுக்கோசு, ஒட்சிசன் என்று ஆறு புதிய பெயர்கள். புதிதாக வருவனவற்றில் ஏறக்குறைய நாலைத்தான் மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கும். ஆறையும் ஒரே மூச்சில் சொன்னால் சில நழுவிவிடும். ஆகவே முதலில் இலைக்குள் போவன இரண்டும் அவற்றுக்குத் துணைநிற்கும் ஒளியும் பச்சையமும் மட்டும். 6 அல்லது 7 நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிட்டு, “கொப்பியில் ஒரு பூவரசம் இலை கீறுங்கோ. உள்ளே போறதுக்கு அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுங்கோ” என்று 3 நிமிடம் கொடுக்க வேண்டும். அந்த நேரம் திரையில் குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளை நினைவிலிருந்து எடுக்காமல் பார்த்து எழுதும், பயன் போய்விடும். பிறகு வெளியே வரும் குளுக்கோசும் ஒட்சிசனும். 40 நிமிடப் பாடத்தில் இப்படி மூன்று சுற்றுக்கு இடம் உண்டு. முதல் 5 நிமிடம் முந்திய பாடத்திலிருந்து இரண்டு கேள்விக்கு. அந்த 5 நிமிடத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது, மறக்கத் தொடங்கியதை மீட்டெடுக்கும்போதுதான் அது ஆழமாகப் பதியும்.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது? நேர்முக வகுப்புகளிலேயே ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள் என்றும், அதை 3 செக்கனாக்கினால் விடைகள் நீளமாகவும் பொருத்தமாகவும் வருகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இணையத்தில் 3 செக்கனும் காணாது. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி ஏறத்தாழ 200 மில்லிசெக்கன். குரல் போய்ச் சேர அதைவிடக் கூடுதலாகத் தாமதித்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் நிறுத்தி, அமைதியாகிவிடுவார்கள். கூச்சமுள்ள பிள்ளை அதோடு மைக்கைத் திறக்காது. மனதுக்குள் எட்டுவரை எண்ணி, பிறகு ஒரு பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. பெயரைக் கேள்விக்குப் பின்னால் சொல்ல வேண்டும். முன்னால் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இனி போன். மடிக்கணினியில் 5 மில்லிமீற்றர் உயரம் தெரியும் எழுத்து, 6 அங்குலப் போனைக் கிடையாகப் பிடித்தால் 2 மில்லிமீற்றருக்கும் கீழே போகும். நெடுக்காகப் பிடித்தால் ஒரு மில்லிமீற்றர்தான். தமிழில் இது பெரிய சிக்கல்: புள்ளி மறைந்தால் ‘கண்’ ‘கண’ ஆகிவிடும், ணகர னகரம் ஒன்றாகிவிடும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். அனுப்ப முன் ஆசிரியர் தன் போனிலேயே ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். திரையில் உள்ள வசனத்தையே வரிக்கு வரி வாசிப்பதும் உதவாது. கண்ணும் காதும் ஒரே சொற்களுக்காக ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். படத்தைக் காட்டி, விளக்கத்தை வாயால் சொல்வதே சிறந்தது.

டேற்றாக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீடியோவுக்குச் செக்கனுக்கு 600 கிலோபிற்று என்று வைத்தால் மணிக்கு 270 எம்பி. குரல் மட்டும் என்றால் 80 கிலோபிற்று, மணிக்கு 36 எம்பி. குரல் அறுந்து அறுந்து வந்தால் முதலில் நிறுத்த வேண்டியது வீடியோவை. முகம் தெரியாவிட்டாலும் பாடம் நடக்கும், குரல் போனால் நடக்காது. தகரக் கூரையும் இரும்புக் கதவும் சிக்னலைத் திருப்பிவிடும். கம்பி வைத்துக் கட்டிய கொங்கிறீட்டும் அதை நலிவாக்கும். வீட்டில் இரண்டு போன் இருந்தால் ஒன்றை யன்னல் ஓரம் வைத்து ஹொட்ஸ்பொட் போட்டு, மற்றதை மேசையில் பாவிக்கலாம்.

சிக்னல் முழுதாக இருந்தும் படம் உறைந்துபோகிறதா? போனைத் தொட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டே ஒரு மணிநேரம் சூம் ஓடினால், போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பலர் இதைக் கண்டு சிம்மை மாற்றுகிறார்கள். வகுப்புக்கு முன்பே சார்ஜ் ஏற்றி வயரைக் கழற்றி, உறையையும் கழற்றி, மின்விசிறிக் காற்றுப் படும்படி வைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

கண்ணுக்கு: திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறையும், அதனால்தான் எரிவு. 20 நிமிடத்துக்கு ஒருக்கால் விறாந்தைக்கு வந்து, படலைக்கு அப்பால் நிற்கும் பனையை நன்றாக இமைத்தபடி 20 செக்கன் பார்த்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

விடையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும்போது பென்சில் கோடு தெரிவதில்லை என்பது எல்லா ஆசிரியரின் முறைப்பாடு. பென்சில் கரி மினுங்கும், மேலே எரியும் மின்குமிழின் ஒளி அதில் பட்டுத் தெறித்து எழுத்து வெளிறிவிடும். யன்னலின் பக்கவாட்டு வெளிச்சத்தில் கொப்பியைத் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் போடாமல், போனைத் தாளுக்கு நேர்மேலே பிடித்து எடுக்க வேண்டும். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் நெருக்கிச் சுருக்கும், கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும். மூலையில் பெயரும் பக்க எண்ணும் எழுதியிருந்தால் ஐம்பது படத்துக்குள்ளும் திருத்தலாம்.

நினைவு வேலைசெய்யும் இந்த விதிகள் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றே. வேறுபடுவது வீடு. ஒரு போனும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டில், சாதாரண தரப் பரீட்சை எழுதும் அண்ணாவுக்குப் போன் போகும், தங்கைக்குப் பிறகு பார்ப்போம் என்றாகும். வகுப்பு நடக்கும்போது “பிள்ளை, இந்தத் தேங்காயைத் திருவித் தா” என்று அழைக்கப்படுவதும் பெரும்பாலும் மகள்தான். அவள் 4 நிமிடம் எழுந்து போனால் இழப்பது 4 நிமிடத்தை மட்டுமல்ல. இலையின் உள்ளே போனவை எவை என்று தெரியாமல் வெளியே வருவனவற்றைக் கேட்கப்போகிறாள், அதனால் மிச்சப் பாடமும் ஒட்டாது. ஆண் பிள்ளைகளிடம் வேறு தொல்லை: வகுப்புத் திறந்திருக்கும், மேலே விளையாட்டு ஓடும். பிள்ளை எழுதிய தாளைப் பார்த்தாலே இரண்டும் வெளிப்படும்.

வீட்டில் ஒரு தாளில் இருவரின் வகுப்பு நேரத்தையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நேரம் மோதும் இடத்தில் ஒருவர் நேரடியாகவும் மற்றவர் பதிவிலும் பார்க்கட்டும், அடுத்த கிழமை மாறிக்கொள்ளட்டும். பதிவு பார்ப்பவர் நடுவில் நிறுத்தி எழுதலாம், அது நட்டமே அல்ல. இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் இலவசமாக உள்ளன, தவறவிட்டதை அங்கேயும் தேடலாம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பாடம் தெரிய வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் போனை அணைத்துவிட்டு, ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, “இண்டைக்குப் படிச்சதை எனக்குக் கீறிக் காட்டு” என்றால் போதும். அதையே மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் மீண்டும் கீறச் சொல்லுங்கள், பழைய தாளைக் காட்டாமல்.