சிக்னலிங்: குறிகைப் பரிமாற்றம்

இணையம் வழியாக ஒருவரைக் குரலிலோ வீடியோவிலோ அழைக்கிறோம். அவர் 'ஹலோ' சொல்வதற்கு முன்பே இரண்டு கருவிகளுக்கும் இடையே ஒரு சிறு பேச்சுவார்த்தை நடந்து முடிந்திருக்கும். அழைப்பவர் யார், அழைக்கப்படுபவரின் கருவி இப்போது எந்த முகவரியில் இருக்கிறது, குரலை எந்த முறையில் சுருக்கி அனுப்புவது, வீடியோ வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். இதற்குத்தான் சிக்னலிங் என்று பெயர். நாம் பேசும் குரல் இதில் சேராது.

'சிக்னம்' என்றால் லத்தீனில் அடையாளம். அதிலிருந்து வந்த சிக்னல், கொடிக்கும் விளக்குக்கும் ரயில்வே கைகாட்டிக்கும் வழங்கி, பிறகு தொலைபேசித் துறைக்குள் நுழைந்தது. ரிசீவரை எடுப்பது, எண்களைச் சுழற்றுவது, மணி அடிப்பது, எங்கேஜ்டு ஒலி எல்லாமே சிக்னல்கள்தான். நெடுங்காலம் இவையும் குரலும் ஒரே பாதையில் போயின. அமெரிக்கத் தொலைதூர இணைப்புகளில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் அந்தத் தடம் காலியாக இருக்கிறது என்று பொருள். கேப்டன் கிரஞ்ச் தானிய உணவுப் பெட்டியில் இலவசமாக வந்த பிளாஸ்டிக் ஊதலும் அதே அலைவரிசையில் ஒலித்தது! அதைப் போனில் ஊதி இணைப்பகத்தை (எக்ஸ்சேஞ்ச்) ஏமாற்றி, காசில்லாமல் பேசியவர்கள் இருந்தார்கள். குரல் போகும் வழியிலேயே கட்டளையும் போனால் இப்படித்தான் ஆகும். 1980இல் தரமாக்கப்பட்ட எஸ்.எஸ்.7 முறையில் சிக்னலுக்குத் தனித் தடம் கிடைத்தது.

இணைய அழைப்புகளும் இந்தப் பிரிவினையை அப்படியே எடுத்துக்கொண்டன. முதலில் 1996இல் எச்.323 என்ற நெறிமுறை, அதாவது கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறை, வந்தது. அதைவிட எளிதாக, படித்தால் புரியும் எழுத்து வடிவில் அமைந்தது எஸ்.ஐ.பி. (செஷன் இனிஷியேஷன் புரோட்டோகால்). ஹென்னிங் ஷுல்ஸ்ரின், மார்க் ஹேண்ட்லி, ஈவ் ஸ்கூலர், ஜொனாதன் ரோசன்பர்க் ஆகியோர் எழுதிய அதன் முதல் வரையறை 1999இல் வெளியானது. இன்றும் அடிப்படையாக இருக்கும் வரையறை 2002இல் வந்தது.

எஸ்.ஐ.பி. வேலை செய்யும் விதம் இதுதான். ஒவ்வொரு போனும் தான் இருக்கும் முகவரியை முன்கூட்டியே வழங்கியிடம் (சர்வர்) பதிந்து வைத்திருக்கும். அழைப்பவரின் கருவி 'இன்வைட்' என்ற செய்தியை அனுப்பும். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் 180 என்ற பதில் வரும். எடுத்துவிட்டால் 200. வேறு அழைப்பில் இருந்தால் 486. வெப் பக்கம் கிடைக்காதபோது வரும் 404கூட இங்கே உண்டு. அப்படி ஒருவர் இல்லை என்று பொருள். 200 கிடைத்ததும் அழைத்தவர் பக்கத்திலிருந்து 'ஆக்' என்ற ஒப்புதல் போகும். பேசி முடித்ததும் ஒருவர் 'பை' அனுப்புவார். இன்வைட்டுக்குள்ளேயே எஸ்.டி.பி. என்ற சிறு விவரப் பட்டியலும் இருக்கும்: எனக்கு இன்னின்ன கோடெக் (குரலைச் சுருக்கும் முறை) தெரியும், குரலை இந்த முகவரிக்கு, அங்கே இந்தப் போர்ட்டுக்கு (வாசல் எண்) அனுப்பு. மறுமுனை தனக்கு ஒத்துவருவதைத் தேர்ந்து பதில் சொல்லும். அப்புறம்தான் ஆர்.டி.பி. என்ற வேறொரு நெறிமுறையில் குரல் பாயத் தொடங்கும்.

மணி அடிக்கிறது, எடுத்தும்விட்டார், ஆனால் ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கவில்லை. பலருக்கும் பழகிய தொல்லை இது. இங்கே சிக்னலிங் தன் வேலையைச் செய்துவிட்டது. குரல்தான் வழி தவறிவிட்டது. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் போன், வெளியுலகுக்குத் தெரியாத உள்முகவரியைச் சொல்லிவிடுவது இதற்கு அடிக்கடி காரணமாகிறது. வெளிமுகவரியைக் கேட்டறிய ஸ்டன், நேர்வழி கிடைக்காவிட்டால் இடையில் நின்று கடத்த டர்ன் என்று தனி ஏற்பாடுகள் இதற்காகவே வந்தன. 4ஜி போனில் பேசும் வோல்ட்டி அழைப்பும் எஸ்.ஐ.பி. வழியே அமைவதுதான். பிரவுசரில் பேச உதவும் வெப்ஆர்டிசியோ, சிக்னலிங் எப்படி நடக்க வேண்டும் என்று வரையறுக்காமல் செயலியை எழுதுபவரிடமே விட்டுவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? இலங்கையில் சாலை விளக்கு முதலே 'சமிக்ஞை' பரவலாக இருக்கிறது. வடமொழிச் சொல் என்றாலும் அங்கே எல்லோருக்கும் புரியும். 'சைகை' கையசைவைத்தான் நினைவூட்டும். 'குறிப்பு' இன்று நோட்ஸ் ஆகிவிட்டது. கலைச்சொல்லாக்கத்தில் வழங்கும் 'குறிகை'யே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, அதன் வேரான 'குறி'யின் வரலாற்றுக்காக. அகப்பாடல் மரபில் இரவில் வரும் தலைவன், பறவைகளை எழுப்பியோ நீரில் கல்லெறிந்தோ தன் வரவைத் தெரிவிப்பான். பேச்சு பிறகுதான், முன்னே வருவது குறி. காற்றில் தானாக விழுந்த காயின் ஓசையைக் கேட்டுத் தலைவி ஏமாந்து வெளியே வந்தால், அதற்கு 'அல்லகுறிப்படுதல்' என்று இலக்கணம் பெயரே வைத்திருக்கிறது. ஊதல் ஓசையில் இணைப்பகம் ஏமாந்ததை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியுமா!

சிக்னலிங் ஒருவழி அறிவிப்பாக நிற்பதில்லை. கேள்வியும் பதிலும் ஒப்புதலும் சேர்ந்தது. ஆகவே 'குறிகைப் பரிமாற்றம்' என்று எழுதலாம். சிக்னலிங் புரோட்டோகால், குறிகை நெறிமுறை. சிக்னலிங் சர்வர், குறிகை வழங்கி. எஸ்.ஐ.பி.யை 'அமர்வுத் தொடக்க நெறிமுறை' என்று பெயர்ப்பது முழுப்பெயருக்கு நேரானது. ஆனால் நடுவில் வீடியோவைச் சேர்ப்பதும் அழைப்பை முடிப்பதும்கூட அதன் வேலை என்பதை விளக்கத்தில் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.