மூடியில் எழுதியிருக்கிறது, படித்துவிட்டு ஊற்றுங்கள்

போன மாதம் ஈசூனிலிருந்து ஓர் அண்ணன் பட்டறைக்கு வந்தார். 2009ஆம் ஆண்டு ஜப்பானியக் கார். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழான சிஓஇ-யைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். "தம்பி, பிரேக்குலேருந்து காலை எடுத்தாலும் வண்டி புடிச்ச புடியை விடமாட்டேங்குது" என்றார்.

பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினேன். மூடிக்குள் ஒரு கறுப்பு ரப்பர் இருக்கும். அது தட்டையாக, அளவெடுத்தது போல் உட்கார்ந்திருக்க வேண்டும். இவர் வண்டியில் இருந்தது பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து பெருத்திருந்தது. கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் உள்ளே போகவே இல்லை.

"அண்ணே, இதுல என்ன ஊத்தினீங்க?"

"அளவு குறைஞ்சிருந்துச்சு. வீட்ல பவர் ஸ்டீயரிங் ஆயில் மிச்சம் கெடந்துச்சு, அதைத்தான். எல்லாம் ஆயில்தானே?"

அதுதான் இல்லை. பிரேக் ஆயில் என்று நாம் வாய்ப்பழக்கத்தில் சொன்னாலும் அது எண்ணெயே கிடையாது. கிளைக்கால் வகைத் திரவம். பிரேக்கில் இருக்கிற ரப்பர் எல்லாம் அதற்கென்றே செய்தவை. பெட்ரோலிய எண்ணெய் கொஞ்சம் பட்டாலும் ஊறிப் பெருத்துவிடும். மூடி ரப்பர் நெளிந்திருந்தால் கீழே மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ் எல்லாவற்றிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருக்கும். கழுவிவிட்டால் சரியாகாது, ரப்பர் உள்ள பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். பத்துப் பதினைந்து வெள்ளி பாட்டிலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை எங்கே போய் நின்றது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். பிரேக் ஆயில் சும்மா குறையாது. பிரேக் பேட் தேயத் தேய, டப்பாவில் அளவு மெல்ல இறங்கும். அல்லது எங்கோ கசிகிறது. இரண்டில் எது என்று பார்க்காமல் மேலே ஊற்றி நிரப்புவது, காய்ச்சல் அடிக்கிறவரிடமிருந்து தெர்மாமீட்டரை ஒளித்து வைப்பது மாதிரி.

பிரேக் ஆயிலுக்கு ஊறும் குணமும் உண்டு. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205-லிருந்து 140. தீவுக்குள் விரைவுச்சாலையில் மட்டும் போய்வந்தால் இது தெரியாது. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போய், இறங்கும்போது வழியெல்லாம் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு வந்தால் தெரியும். திரவம் கொதித்துக் குமிழி விட்டுவிடும், மிதிக்கும் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். திறந்து பாதி மீந்த பாட்டிலை அடுத்த ஆண்டுக்கு என்று எடுத்துவைக்காதீர்கள்.

டாட் 3 எழுதிய மூடிக்கு டாட் 4 ஊற்றலாம், பெரும்பாலான வண்டிகளில் பிரச்சினை இல்லை. ஆனால் டாட் 5 வேறு, டாட் 5.1 வேறு. 5 என்பது சிலிக்கான், மற்றவற்றோடு சேராது. எண் பெரிதாக இருந்தால் சரக்கு உசத்தி என்று நினைத்து 5-ஐ வாங்கி வந்தவர்களும் உண்டு.

அடுத்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட். "அண்ணே, பச்சையா சிவப்பா?" என்பதுதான் எப்போதும் வருகிற கேள்வி. நிறத்துக்கு எந்தப் பொது விதியும் இல்லை. தயாரிப்பவர் போடும் சாயம் அது, அவ்வளவுதான். டொயோட்டாவிலேயே பழைய சிவப்பு ஒன்று, புதிய இளஞ்சிவப்பு ஒன்று. மாற்ற வேண்டிய கால அளவும் வேறு. பொதுவாக ஜப்பானிய வண்டிகளின் கூலண்டில் பாஸ்பேட் இருக்கும், சிலிக்கேட் இருக்காது. ஐரோப்பிய வண்டிகளுக்கு நேர்மாறு. வகை தெரியாமல் கலந்தால் துருத் தடுப்பு போய்விடும், சில சமயம் கூழாகத் திரண்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். பழைய வண்டிக்கு ஏற்கெனவே என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் மேலே ஊற்றுவதைவிட முழுவதும் வடித்துக் கழுவிப் புதிதாக நிரப்புவதே நல்லது.

"இங்கதான் பனியே கிடையாதே, குழாய்த் தண்ணி போதாதா?" என்பாரும் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. அலுமினியம் அரிக்காமல் இருக்க, கொதிநிலை உயர, வாட்டர் பம்ப் சீல் உலராமல் இருக்க அதுதான் வேண்டும். செறிவாக வாங்கினால் வடிநீரோடு பாதிக்குப் பாதி கலக்குங்கள். கலக்காமல் அப்படியே ஊற்றினால் குளிர்ச்சி கூடாது, குறையும். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், கை வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கியர் ஆயில்தான் பெரிய தலைவலி. ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயிலில் வழுக்கலும் பிடிப்பும் ஓர் அளவோடு இருக்க வேண்டும். அந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டொயோட்டாவில் டி-4 என்று ஒன்று, அதற்குப் பிறகு வந்த டபிள்யூஎஸ் என்று ஒன்று. டபிள்யூஎஸ் மெலிந்தது. புதியது என்பதற்காக டி-4 வண்டிக்கு அதை ஊற்றக் கூடாது. ஹோண்டாவில் கதை வேறு: பழைய இஸட்-1க்குப் பதிலாக அவர்களே டிடபிள்யூ-1ஐக் கொண்டுவந்தார்கள், தாராளமாக ஊற்றலாம். ஆக, புதியது பழையதற்குச் செல்லுமா என்பதை வண்டி செய்தவர்தான் சொல்ல வேண்டும், கடைக்காரரோ நானோ அல்ல. சிவிடி கியர்பாக்ஸ் என்றால் அதற்கென உள்ள ஆயில் மட்டும். அதில் இரும்புப் பட்டையும் கப்பியும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துத்தான் வண்டி நகர்கிறது. சாதாரண ஆட்டோ ஆயிலை ஊற்றினால் பட்டை சறுக்கித் தேய்ந்துவிடும்.

"ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடின கியர்பாக்ஸ்ல ஆயிலை மாத்தினா செத்துப்போகும்" என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் உண்மை, மீதி பயம். ஏற்கெனவே சறுக்குகிற பெட்டியை எந்த ஆயிலும் பிழைக்க வைக்காது. அது சாகும்போது பழி கடைசியாக ஆயில் மாற்றியவன் தலையில் விழும். அதனால் நான் முதலில் கொஞ்சம் எடுத்து வெள்ளை டிஷ்யூவில் விட்டுப் பார்ப்பேன். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் வண்டிக்காரரை உட்காரவைத்துப் பேசிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவேன். சிவப்பு பழுப்பாகி, வாடை இல்லையென்றால் இயந்திரம் வைத்து அடித்துக் கழுவாமல், வடிப்பதும் நிரப்புவதுமாக இரண்டு மூன்று தடவை. ஒரு தடவையில் முழு ஆயிலும் இறங்காது, பாதி உள்ளேயே தங்கிவிடும். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனிகள் சொன்ன பெட்டிகளுக்கே, அவற்றைச் செய்த ஜெர்மானிய நிறுவனமான இஸட்எஃப் 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

இன்ஜின் ஆயிலைப் பற்றி எல்லோரும் ஆளுக்கொன்று சொல்வார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். 5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் ஓடும் தன்மை, இரண்டாவது சூட்டில் உள்ள தடிமன். பழைய இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்றால் கையேட்டில் உள்ள அட்டவணை அனுமதிக்கும் வரை ஒரு படி தடிமன் கூட்டலாம். 30-க்குப் பதில் 40. ஒரேயடியாக 20டபிள்யூ-50க்குத் தாவினால் வால்வு டைமிங் மாற்றும் பாகங்கள் தடுமாறும். ஏபிஐ எஸ்பி போன்ற புதிய தரம் பெரும்பாலான பழைய பெட்ரோல் வண்டிகளுக்கும் பொருந்தும். 1960, 70களின் கிளாசிக் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிக் கருவியைக் காக்கப் புதிய ஆயிலில் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள், அந்தக் கால இன்ஜினுக்கோ அது தேவை.

சரி, உங்கள் வண்டிக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே பழைய வண்டி என்றால் மூன்று நான்கு கை மாறியிருக்கும். அதிகாரபூர்வ முகவர் வழியாக வராத இணை இறக்குமதி வண்டியில் கையேடு ஜப்பானிய மொழியில் கிடக்கும். கைத்தொலைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்தால் அளவும் வகையும் தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் பானட்டைத் திறந்து மூடிகளைப் படியுங்கள். பிரேக் டப்பா மூடியில் டாட் எண், ஆயில் மூடியில் தடிமன், சில வண்டிகளில் கியர் ஆயில் குச்சியிலேயே ஆயிலின் பெயர் எல்லாம் பொறித்திருப்பார்கள். பத்து வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டுதான். ஆனால் அங்கே யாரும் உங்கள் கியர் ஆயிலை முகர்ந்து பார்ப்பதில்லை.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். நம் வடிகால் பலவும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. ஏதாவது பட்டறையில் கேட்டுக் கொடுங்கள், உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப்போவார்கள்.

ஈசூன் அண்ணன் வண்டியை எடுத்துப்போன அன்று, எந்தத் திரவம், என்ன வகை, எந்தத் தேதி என்று மார்க்கர் பேனாவால் ஒட்டுத்தாளில் எழுதிப் பானட்டின் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் திரும்பி வந்தார். கையில் அந்த மிச்ச பவர் ஸ்டீயரிங் ஆயில் பாட்டில். "இதை நீங்களே வச்சுக்கங்க தம்பி, வீட்ல இருந்தா மறுபடி எங்கயாவது ஊத்திருவேன்."