தட்டுக்கு அருகே வந்த முயல்

பீட்டருக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. முயலைக் கண்டால் அழுது அலறுவான். பயம் முயலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எலி, ரோமக் கோட்டு, இறகு, பஞ்சு என்று எதைப் பார்த்தாலும் அவனுக்கு நடுக்கம்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்வதைத்தான் உளவியலில் 'பொதுமைப்படுத்தல்' என்கிறார்கள். ஒன்றின் மேல் வந்த பயம், அதைப் போலத் தெரியும் எல்லாவற்றின் மேலும் படர்ந்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் அவனுக்குச் செய்த சிகிச்சை எளிமையானது. பீட்டரை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுப்பார்கள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கம்பிக் கூண்டில் முயலைக் கொண்டுவந்து தள்ளி வைப்பார்கள். எவ்வளவு தள்ளி? அவன் சாப்பாடு தடைபடாத அளவுக்கு. நாளாக ஆக, கூண்டு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். முதலில் 12 அடி தூரத்தில்தான் அதைத் தாங்கினான். பிறகு 4 அடி, 3 அடி. கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிக்க, அவன் அதைத் தடவிக்கொடுத்தான். பஞ்சு, கோட்டு, இறகு பற்றிய பயமும் கூடவே போய்விட்டது. ஜோன்ஸ் இதை 1924-இல் வெளியிட்டார்.

இதன் அடிப்படை, ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லவ் நாய்களிடம் கண்டதுதான். உணவுக்கு முன் ஓர் ஓசை திரும்பத் திரும்பக் கேட்டால், பிறகு ஓசை மட்டுமே நாய்க்கு எச்சில் ஊற வைக்கும். இந்த இணைப்பை 'ஆக்கநிலையுறுத்தல்' என்பார்கள். ஜோன்ஸ் முயலைச் சாப்பாட்டின் இன்பத்தோடு இணைத்தார். ஆனால் அவரே ஓர் ஆபத்தையும் சொன்னார்: அவசரப்பட்டு முயலைச் சட்டென்று கிட்டே கொண்டுவந்தால், இணைப்பு தலைகீழாகி, சாப்பாட்டைக் கண்டாலே குழந்தை பயப்படலாம். "ஒண்ணும் பண்ணாது, தொடு" என்று பயந்த குழந்தையின் கையைப் பிடித்து நாயிடம் இழுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

1950-களில் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப், சாப்பாட்டின் இடத்தில் உடல் தளர்வை வைத்தார். தசைகளைத் தளர்த்தப் பழகியவர், தன் பயங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை ஏணிப்படி போல அடுக்கி, ஒவ்வொன்றாக மனதில் கொண்டுவருவார். ஒரு படி சாதாரணமாகிவிட்ட பிறகே அடுத்த படி.

சரி, பெரியவர்களின் பயம் ஏன் தானாகப் போவதில்லை? நாய்க்குப் பயப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தெருமுனையில் நாய் படுத்திருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. சட்டென்று அடுத்த தெருவுக்குள் திரும்பிவிடுகிறார். 'அப்பாடா' என்று ஒரு மூச்சு. அந்த 'அப்பாடா'தான் சிக்கல். துன்பம் நீங்கியதே பரிசாகிவிடுவதால், திரும்பிப் போகும் பழக்கம் ஒவ்வொரு தடவையும் வலுவாகிறது. சும்மா படுத்திருக்கும் நாய் ஒன்றும் செய்யாது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் நழுவிப்போகிறது. அதனால்தான் இன்றைய சிகிச்சையாளர்கள், தாங்கக்கூடிய தூரத்தில் விலகி ஓடாமல் நிற்பதையே முக்கியப் பயிற்சியாக வைக்கிறார்கள். தளர்வுப் பயிற்சி இல்லாமலும் இது பலன் தருகிறது.

ஆனாலும் பழைய பயம் அழிந்துவிடுவதில்லை. உணவு தராமல் ஓசையை மட்டும் எழுப்பி எழுப்பி, நாய்க்கு எச்சில் ஊறுவதை நிறுத்தலாம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எழுப்பினால் திரும்பவும் ஊறும் என்பதைப் பாவ்லவே பார்த்திருக்கிறார். பீட்டருக்கும் அப்படி ஒரு சறுக்கல் உண்டு. நாற்காலிச் சிகிச்சைக்கு முன்பே, முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளோடு விளையாட வைத்ததில் அவன் நன்றாகத் தேறி வந்தான். இடையில் காய்ச்சலில் சுமார் இரண்டு மாதம் வர முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது ஒரு பெரிய நாய் அவன் மேல் பாய, பயம் பழையபடி வந்துவிட்டது.

பழைய பாடத்தின் பக்கத்தில் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவுதான். புதியது, கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. அதனால் சிகிச்சை அறையில் ஒரு சாதுவான நாயைத் தொட்டுவிட்டால் மட்டும் போதாது. அப்புறம் வேறு நாய், வேறு தெரு, இருட்டும் நேரம், கடைசியாகத் துணை யாரும் இல்லாமல் என்று பயிற்சி நீள்கிறது.