எட்டுப் பொத்தான்களுக்கு ஒரே கம்பி: பழைய கன்ட்ரோலர் கணினியோடு பேசும் விதம்

1977-இல் வந்த அட்டாரி 2600-இன் ஜாய்ஸ்டிக்கில் மின்னணுவியல் என்று எதுவுமே கிடையாது. நான்கு திசைகளுக்கு நான்கு சுவிட்சுகள், சுடுவதற்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி, அனைத்துக்கும் பொதுவாக, மின்சாரம் திரும்பிச் செல்ல ஒரு கிரவுண்ட் கம்பி. அவ்வளவுதான். 1985-இல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோ என்இஎஸ் கன்ட்ரோலரில் பொத்தான்கள் எட்டு. அதே கணக்குப்படி கேபிளுக்குள் ஒன்பது கம்பிகள் இருக்க வேண்டும். ஆனால் இருப்பவை ஐந்துதான். அவற்றிலும் இரண்டு, 5 வோல்ட் மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் போய்விடுகின்றன.

மீதி மூன்று கம்பிகளில் எட்டுப் பொத்தான்களின் நிலையை அனுப்பும் வேலையைச் செய்வது 4021 என்ற சிறிய சிப். இது ஒரு ஷிஃப்ட் ரிஜிஸ்டர், அதாவது பல நிலைகளை ஒரே நேரத்தில் வாங்கி ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் சிப். கேம் கன்சோல் முதலில் 'லாட்ச்' கம்பியில் ஏறத்தாழ 12 மைக்ரோவிநாடி நீளமுள்ள ஒரு துடிப்பை அனுப்புகிறது. அந்தக் கணத்தில் எந்தெந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்பதைச் சிப் அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு 'கிளாக்' கம்பியில் துடிப்பு வர வர, பிடித்து வைத்த பிட்டுகள் (0 அல்லது 1) ஒவ்வொன்றாக 'டேட்டா' கம்பி வழியே வெளியேறுகின்றன. வரிசை எப்போதும் ஒன்றே: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது.

இதில் ஒரு தலைகீழ் வழக்கம் உண்டு. அழுத்திய பொத்தானுக்கு 0, அழுத்தாததற்கு 1. வலப்பக்கம் ஓடிக்கொண்டே ஏ-யை அழுத்திக் குதித்தால் டேட்டா கம்பியில் வருவது 0 1 1 1 1 1 1 0. முதல் சுழி ஏ, கடைசிச் சுழி வலது. இந்த வழக்கம் தெரியாமல் நிரல் எழுதினால், யாரும் தொடாத கன்ட்ரோலரில் எட்டுப் பொத்தான்களும் அழுந்திக் கிடப்பதாகத் திரை காட்டும்.

இந்தக் கன்ட்ரோலரைக் கணினியில் இணைக்க, பழைய பிளக்கை வெட்டிவிட்டு யுஎஸ்பி பிளக்கை வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. யுஎஸ்பி சாதனம் செருகப்பட்டதும் கணினி அதனிடம் 'நீ யார், உன்னிடம் எத்தனை பொத்தான்கள், எத்தனை அச்சுகள் (மேல்-கீழ், இடது-வலது போன்ற அசைவுகள்)' என்று விசாரிக்கும். சாதனம் அதற்கு முறைப்படி பதில் தர வேண்டும். 4021-க்கோ தன் பெயர்கூடத் தெரியாது. ஆகவே இரண்டுக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை.

அந்த வேலைக்கு, நிரல் ஏற்றி இயக்கக்கூடிய ஒற்றைச் சிப் கணினியான ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர் போதும். யுஎஸ்பி வசதி உள்ளேயே அமைந்த ஏடிமெகா32யு4 சிப் கொண்ட ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற பலகை இதற்குப் பொருத்தமானது. அது ஒரு பக்கம் பழைய கன்சோலாக நடித்து லாட்ச், கிளாக் துடிப்புகளை அனுப்பும். மறுபக்கம் 'நான் எட்டுப் பொத்தான் கேம்பேட்' என்று கணினியிடம் அறிமுகம் செய்துகொள்ளும். இந்த அறிமுக முறை எச்ஐடி என்ற பொதுத் தரத்துக்கு உட்பட்டது என்பதால் தனி டிரைவர் எதுவும் நிறுவ வேண்டியதில்லை. யுஎஸ்பி பரவுவதற்கு முன் இதே காரியத்தைப் பிரிண்டர் போர்ட் வழியே செய்தார்கள். அங்கே துடிப்பு அனுப்புவது முதல் பிட் எண்ணுவது வரை கணினியின் பிராசசரே செய்தாக வேண்டும். லினக்ஸில் இதற்கென்றே கேம்கான் என்ற டிரைவர் இருக்கிறது.

கம்பிகளின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், நகல் கன்ட்ரோலர்களில் அது இஷ்டத்துக்கு மாறும். மல்டிமீட்டரில் ஒரு முனையைப் பிளக்கின் இணைப்பு முனையிலும் மறுமுனையைச் சிப்பின் காலிலும் வைத்துத் தொடர்பைச் சோதிப்பதே சரி. 3.3 வோல்ட்டில் இயங்கும் பலகை என்றால் கன்ட்ரோலருக்கும் 3.3 வோல்ட்டே கொடுக்கலாம், 4021 குடும்பச் சிப்புகள் 3 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும். 5 வோல்ட் கொடுத்தால் டேட்டா கம்பியிலும் 5 வோல்ட் திரும்பி வந்து பலகையின் இணைப்பு முனையைக் கெடுத்துவிடலாம்.

சூப்பர் நின்டெண்டோ கன்ட்ரோலருக்கும் இதே ஐந்து கம்பிகள்தான், கிளாக் துடிப்பு மட்டும் பதினாறு. நின்டெண்டோ 64 வேறு ரகம். அதில் கேள்வியும் பதிலும் ஒரே கம்பியில், பிட்டுக்கு 4 மைக்ரோவிநாடி வேகத்தில் ஓடும். அதற்கு நேரக் கணக்கில் கறாரான நிரல் வேண்டும்.

எல்லாம் சரியாக இணைத்த பிறகும் ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாவதுண்டு. பொத்தானுக்கு அடியில் இருக்கும் ரப்பர் மேட்டின் கார்பன் முகம் கன்ட்ரோலருக்குள் உள்ள சர்க்யூட் பலகையைத் தொடும்போது, தொடர்பு ஒரே வீச்சில் நிலைபெறாமல் சில மில்லிவிநாடிகள் துள்ளும். கார்பன் தேய்ந்திருந்தால் துள்ளல் இன்னும் அதிகம். விளையாட்டுகள் பொதுவாகத் திரையின் ஒரு சட்டத்துக்கு (ஃபிரேம்) ஒருமுறை, அதாவது விநாடிக்குச் சுமார் 60 முறைதான் கன்ட்ரோலரைப் பார்த்தன. இரண்டு பார்வைகளுக்கு நடுவே நடந்த துள்ளல் அவற்றின் கண்ணில் பட வாய்ப்பு குறைவு. வேகம் வேண்டும் என்று நாம் விநாடிக்கு 1000 முறை படித்தால் அத்தனை துள்ளலும் தனித்தனி அழுத்தமாகத் தெரியும். ஒரு பொத்தானின் நிலை மாறியதும் அடுத்த 5 மில்லிவிநாடிக்கு அதே பொத்தானில் வரும் மாற்றங்களைப் பொருட்படுத்தாதே என்று நிரலில் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அழுத்தம் முதல் தொடர்பிலேயே பதிவாகிவிடுவதால் வேகமும் குறையாது. அப்படியும் அடங்காவிட்டால், கன்ட்ரோலரைத் திறந்து ரப்பர் மேட்டை மாற்றிவிடுவதுதான் வழி.