பென்ஷன், அடுத்தூண், ஓய்வூதியம்

மாமிக்கு 58 வயது முடிந்த மாதம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) காகிதங்களை ஒரு துணிக்கடைக் கவரில் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “எனக்குப் பென்சன் கிட்டுமா மக்களே?” என்று கேட்டார். கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் முந்திரித் தொழிற்சாலைக்கு அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். தோட்டை உடைக்கும்போது தெறிக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு அவருடைய பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, ரேகை தேய்ந்து போயிருந்தன. இ-சேவை மையத்தில் நான்கு முறை அழுத்தி வைத்தும் கருவி அந்த விரலை ஏற்கவில்லை.

அவருக்குக் கிடைத்த பதிலை அப்புறம் சொல்கிறேன். முதலில் அவர் கேட்ட சொல்லைப் பார்ப்போம்.

பென்ஷன் ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்தது. ஆங்கிலத்துக்கு அது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாகப் போனது. லத்தீனில் ‘பெண்டெரே’ என்றால் தராசில் தொங்கவிட்டு எடைபோடுதல். நாணயம் பரவாத காலத்தில் உலோகத்தை எடைபோட்டுத்தான் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்தார்கள். எடைபோடுவதற்கான சொல்லே பணம் கொடுப்பதற்கும் சொல்லானது. ‘பென்சியோ’ என்றால் கொடுக்கும் தொகை. செலவைக் குறிக்கும் எக்ஸ்பென்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். ஆக, பென்ஷன் என்ற சொல்லுக்குள் தெரிவது தராசு பிடித்திருக்கும் கை. வாங்குகிறவர் என்ன உழைத்தார் என்பது அதில் இல்லை.

தமிழில் ஒரு காலத்தில் இதை உபகாரச் சம்பளம் என்று எழுதினார்கள். மாணவருக்குக் கொடுக்கும் உதவிப் பணத்துக்கும் அதே பெயர். இந்தச் சொல் வழக்கிலிருந்து போனது நல்லது என்றே நினைக்கிறேன். முப்பது வருடம் வேலை பார்த்தவருக்குக் கொடுப்பது எப்படி உபகாரம் ஆகும்? 1982 டிசம்பர் 17 அன்று, ஓய்வூதியர்கள் தொடுத்த நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: ஓய்வூதியம் அரசு மனம் இரங்கிக் கொடுக்கும் கொடை கிடையாது, அது ஊழியரின் உரிமை. ஓய்வூதியர்கள் இன்றும் டிசம்பர் 17-ஐத் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு சொல்லும் அண்டை வீடு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணைந்தவை. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சிதான். களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்தில் பென்ஷனுக்கு ‘அடுத்தூண்’ என்ற சொல் இருக்கிறது. பணி ஓய்வு பெறுவது ‘அடுத்தூண் பற்றிப் பிரிதல்’. ஊண் நமக்கும் பழைய சொல்தான், உணவு என்று பொருள். அடுத்தூண் என்று கேட்கும்போதெல்லாம் என் காதில் ‘அடுத்த வேளைச் சோறு’ என்றே விழுகிறது. வேலை நின்ற மறுநாள் அடுப்பில் என்ன ஏறும் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதைத் தமிழில் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

ஆனாலும் ஓய்வூதியம்தான் பொருத்தமான தமிழ்ச் சொல். அரசு ஆணைகளும் செய்தித்தாள்களும் எழுதுவதாலேயே இதைச் சொல்லவில்லை. ஓய்வு + ஊதியம். இன்றைக்கு ஊதியம் என்றால் சம்பளம், கூலி என்று எடுத்துக்கொள்கிறோம். குறளில் அந்தச் சொல்லுக்கு இலாபம், ஆதாயம் என்று பொருள். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்று 449-ஆம் குறள் தொடங்குகிறது. முதல் போடாதவருக்கு ஆதாயம் கிடையாது. பெரியவர்களின் துணையைப் பற்றிப் பேச வந்த இடத்தில், ஊரறிந்த வியாபாரக் கணக்கை வள்ளுவர் உவமையாக எடுத்து வைக்கிறார். அந்தப் பொருளில் பார்த்தால், ஓய்வூதியம் என்பது உழைத்த காலத்தில் போட்ட முதல் ஓய்வுக் காலத்தில் தரும் ஆதாயம். முதலீடு என்ற சொல்லும் முதலை இடுவதுதான். சேமிப்பு கொஞ்சம் வேறு. வடமொழி க்ஷேமம் தமிழில் சேமம் ஆகி, அதிலிருந்து வந்தது. பத்திரமாக வைத்தல் என்ற அளவில் அதன் பொருள் நின்றுவிடுகிறது.

இனி மாமியின் கணக்கு. ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995-இல் வந்தது. முதலாளி போடும் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. மாமி போட்ட பங்கு முழுவதும் வைப்பு நிதியில் சேரும். 58 வயதில் மாத ஓய்வூதியம் வேண்டுமென்றால் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் தொகை வரும். சராசரி 10,000 ரூபாய், பணி 14 ஆண்டு என்றால் மாதம் 2,000.

மாமி ஓர் ஆபீசில் 6 வருடம், இன்னொன்றில் 8 வருடம் வேலை பார்த்தார். முதல் ஆபீசை விட்டபோது மகளின் கல்யாணம் வந்தது. வைப்பு நிதியோடு ஓய்வூதியக் கணக்கில் இருந்ததையும் சேர்த்து எடுத்துவிட்டார். எடுத்ததும் அந்த 6 வருடம் கணக்கிலிருந்து போனது. மிச்சம் 8. 10 ஆகாததால் மாத ஓய்வூதியம் இல்லை.

“வேலை செஞ்சது 14 வருசம்லா மக்களே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உழைப்பு 14 வருடம்தான், போட்ட முதலோ 8 வருடத்துக்குத்தான் இருக்கிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கு ஓய்வூதியப் பணத்தை எடுக்காமல் விட்டு, பணிக்காலத்துக்குத் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால் அந்த 6 வருடமும் அப்படியே நின்றிருக்கும். அப்படி ஒரு சான்றிதழ் உண்டு என்று அலுவலகத்தில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதுதான்.

பக்கத்துச் சொற்களையும் பிரித்துக்கொள்ளலாம். பணிக்கொடை என்பது பணி முடியும்போது ஒரே தடவை வரும் தொகை, கிராஜுவிட்டி. முதியோர் உதவித்தொகையையும் ஊரில் பென்சன் என்றே சொல்கிறார்கள். 2023-இல் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. முதல் போட்டு வருவதில்லை என்பதால் அதற்கு ஓய்வூதியம் என்ற சொல் பொருந்தாது.

சரி, முதலாளியே இல்லாதவர்களுக்கு? குளச்சலில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவருக்கும், குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும் ஓய்வூதியம் என்ற சொல் பொருந்தும். முதலைத் தாமே போட வேண்டும், அவ்வளவுதான். 2015-இல் வந்த அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை சேரலாம், வருமான வரி கட்டுகிறவர்கள் நீங்கலாக. 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால், 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்பவர் 1,454 கட்ட வேண்டும். 22 வருடம் தள்ளிப்போட்டதற்கான விலை அது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கையில் காசு இருக்காது. மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டும் நின்றுவிடும். அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ கட்டவும் வழி இருக்கிறது.

மாமியின் மருமகளும் அண்டி ஆபீசில்தான் இருந்தாள். போன வருடம் அவள் வேலையை விட்டபோது, பணத்தை எடுக்கும் விண்ணப்பத்தோடு மாமி அவளை என்னிடம் அனுப்பினார். இருவருமாக உட்கார்ந்து சான்றிதழுக்கு எழுதிப் போட்டோம். இப்போது அது ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறையில் இருக்கிறது, 7 வருடம் என்று போட்டு.